தென்கிழக்கு, கொஞ்சம் மேலே

ஹொசகோட்டே ஏரிக்குப் பின்னால்,
பஸ் திரும்பிப் போய்விடும் இடத்துக்கும் அப்பால்
முப்பத்தேழு நீலத் தார்ப்பாய்கள்.
பெங்களூர் என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறோம்.
போனில் ஒரு கோடு வரும்,
தண்ணீர் டேங்கின் மேல் ஏறி நின்றால்.

டிவி இருந்தது ஒன்று.
அஞ்சலாட்சி கம்மனஹள்ளியில் வாங்கிய பழசு.
வலது மூலையில் மஞ்சள் கறை;
அங்கே போய் நின்ற கதாநாயகர்களுக்கெல்லாம் காமாலை.

சிமெண்டு பக்கெட்டில் குடையை நட்டோம்.
திருப்பியது மஸ்தான், வைப்ரேட்டர் பிடிக்கிறவன்,
நடுங்காத பொருளைப் பிடிக்க அவன் கைக்குத் தெரியாது.
"தென்கிழக்கு. இன்னும். கொஞ்சம் மேலே."
தார்ப்பாய்க்குள்ளிருந்து அவள் கத்துவாள்:
"வருது வருது... போச்சு.
வந்துடுச்சு! கைய எடுக்காத!"
கையை எடுக்காமல் எவ்வளவு நேரம் நிற்பான் ஒரு மனுஷன்?
விளம்பரம் வரும்வரை நின்றான்.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
ஒரே இடத்தில் நிற்குமாம் அது.
நிற்கவில்லை, பூமி கூடவே ஓடுகிறது என்றான் மஸ்தான்.
"ராத்திரியுமா?"
"ராத்திரியும்."
"அதுக்கு ஓ.டி. யாரு குடுக்கறா?" என்றாள்.

ஒன்பதரைக்குத் தொடர்.
மாமியார் பாலில் விஷம் கலந்து பதினாறு நாள்.
மருமகள் டம்ளரை வாயருகே கொண்டுபோகிறாள்,
மூன்று பக்கமிருந்தும் அவள் முகத்தைக் காட்டுகிறார்கள்,
இடி இடிக்கிறது, தொடரும்.
அந்தப் பதினாறு நாளில் நாங்கள்
இரண்டு தளம் கான்கிரீட் போட்டுவிட்டோம்.

எட்டாவது தளம்வரை ஒன்றுமில்லை.
ஒன்பதில் படம் கட்டம் கட்டமாய் உடைந்தது.
மழை என்றோம். வானத்தில் பொட்டு மேகமில்லை.
குடையை ஏரிப்பக்கம் இழுத்தோம், இரண்டடி, நாலடி,
வயர் தீர்ந்தது. வேலி தீர்ந்தது.
பத்தாவது தளம் காய்ந்த அன்று
நீலத்திரை. சிக்னல் இல்லை.
தென்கிழக்கை மறைத்துக்கொண்டு நின்றது
நான் கம்பி கட்டிய தூண், இருபத்திரண்டு சி.
அஞ்சலாட்சி தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஒரு மாடி கம்மியா கட்டியிருக்கலாம்ல?"

ஒரு சனிக்கிழமை,
கூலி கொடுத்த கையோடு சூப்பர்வைசர் கிளம்பியதும்
டிவியை லுங்கியில் கட்டித் தூக்கினோம்.
கைப்பிடி இல்லாத படி. பதினோரு மாடி.
மஸ்தான் தோளில் பக்கெட்,
மாடிக்கு மாடி இறக்கி வைத்து கெட்ட வார்த்தை.
சுவரோ கூரையோ இல்லாத ஆயிரத்து நூற்று நாலின் ஹாலில்
பதினெட்டுப் பேர் உட்கார்ந்தோம்,
பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி
நடுத்தூணில் முடிந்துவிட்டு.

"தென்கி" என்பதற்குள் படம் வந்தது.
கோயில். மாலை. நாதஸ்வரம்.
மாமியாரும் மருமகளும் ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டு
சிரிக்கிறார்கள்.
டம்ளர் எங்கே?
"கை தவறிக் கொட்டியிருக்கும்."
"பூனை குடிச்சிருக்கும்."
"அந்தக் கெழவியே மறந்துபோய்க் குடிச்சிருந்தா?"
"அப்ப இது யாரு?"
பார்க்காத நாட்களை ஆளுக்கொன்றாய் அடைத்துக்கொண்டிருந்தோம்,
பத்து மணி. ஜெனரேட்டர் நின்றது.

திரை அணைந்த பிறகுதான் மேற்கில் தெரிந்தது
பெங்களூர்.
இவ்வளவு நாளும் அதில்தான் இருக்கிறோம் என்று நினைத்திருந்தோம்.

பிள்ளைகளின் முடிச்சை இருட்டில் தடவி அவிழ்த்தோம்.
"பாத்து, அந்தப் பக்கம் சுவரில்ல" என்றது ஒரு குரல்.
"எந்தப் பக்கம் இருக்கு?" என்றது இன்னொன்று.
அஞ்சலாட்சி உடனே இறங்கவில்லை.
பக்கெட்டைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டாள்,
குடை பார்த்த திசைக்கு ஓர் அம்புக்குறி.
திங்கட்கிழமை இடம் தேடி அலையக் கூடாதாம்.

திங்கட்கிழமை காலை
அந்த ஹாலுக்குக் கூரை போடக் கம்பி வருகிறது,
எட்டு எம்.எம்., பத்து எம்.எம்., இரண்டு லாரி.
நான் டிவியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு
படி எண்ணி இறங்கினேன்.